அண்ணாந்து குடித்தவர்

எதைக் கேட்டாலும் நஞ்சுண்டன் உடனே பதில் சொல்லிவிடமாட்டார். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். மில்பிடாஸில் வீடு வாங்கியபோது அதே வீட்டைக் காலையில் பார்த்தார், சாயங்காலம் பார்த்தார், மழை கொட்டிய ஒரு நாள் தனியாகப் போய்த் தாழ்வாரத்தில் நின்று கூரையைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் அவரை அங்கே ஏற்கெனவே குடிவந்துவிட்டவர் என்று நினைத்து ஒரு கேக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகும் பதில் சொல்ல இரண்டு வாரம் ஆனது.

கணினிக்கு வேண்டிய ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனியில், சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. பொருளைச் சூடாக்கி, குளிரவைத்து, உலுக்கி, அது எப்போது கெட்டுப்போகிறது என்று பார்க்கவேண்டும். கெடவில்லை என்றால்தான் நல்லது என்று கையெழுத்துப் போடலாம். வேலை அவரை இப்படி ஆக்கிவிட்டதா, இப்படிப்பட்டவரைத் தேடித்தான் அந்த வேலை வந்ததா என்பது மனைவி வான்மதிக்கு இன்னும் விளங்கவில்லை. காங்கேயத்திலிருந்து அவர் அமெரிக்கா வந்து முப்பது வருடம் நெருங்குகிறது. ஒரே மகள் வெண்பா இங்கேதான் பிறந்தாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில் வரும்.

அந்த வெண்பாதான் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எமிலியோவைப் பற்றிச் சொன்னாள். சான் ஹோசேயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மெக்சிகோக்காரக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும். கல்யாணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். வான்மதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நஞ்சுண்டனைப் பார்த்தாள். நஞ்சுண்டன் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பார்த்துட்டுச் சொல்றேன், கண்ணு."

"டேக் யுவர் டைம், அப்பா" என்றாள் வெண்பா.

அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அந்தப் பையனைப் பார்க்கவும் இல்லை. வாரக்கடைசிகளில் ஏதாவது ஒரு வேலை வந்தது. நாளடைவில் வெண்பா அம்மாவோடு மட்டும் போனில் பேச ஆரம்பித்தாள். கடைசியாக, அடுத்த ஞாயிறு எமிலியோவின் அம்மா நம் வீட்டுக்கு வருகிறார் என்று வான்மதி மூலம் சொல்லி அனுப்பினாள். வேண்டாம் என்றால் அதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தபிறகு பார்த்துட்டுச் சொல்றேன் என்று அப்பா சொன்னால், அதற்குப்பிறகு நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்பது அவள் சொல்லியனுப்பியது.

"ஹீட்டர் வாங்கறதுக்குப் பாக்கற மாதிரி மனுசங்களப் பாக்க முடியாதுங்க" என்றாள் வான்மதி.

மாட்டுக்கறி, சாமி, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று மற்றவர்கள் கவலைப்படுவதற்கெல்லாம் அவரும் கவலைப்படத்தான் செய்தார். ஆனால் தூக்கம் போனது வேறொன்றில். ஆபீஸில் அவருக்குப் பக்கத்து மேஜை டக் என்பவருடையது. டக்கின் மகளுக்குப் போன வருடம் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டார். பாப் என்றார் டக். அது பெயர், முறை என்ன என்று கேட்டார் நஞ்சுண்டன். டக் யோசித்தார். கல்யாணத்தன்று கைகுலுக்கினோம், நல்ல மனுஷன், அப்புறம் பார்க்க வாய்க்கவில்லை என்றார்.

அன்று மத்தியானம் நஞ்சுண்டனுக்கு வேலை ஓடவில்லை. மகளைக் கொடுத்த வீட்டில் தனக்கு ஒரு பெயர் இருக்காது. பெயரில்லாத இடத்தில் போய் எப்படி உட்காருவது? ஒரு நல்லது கெட்டது என்றால் எந்த உரிமையில் போன் பண்ணுவது? கைகுலுக்கிவிட்டுப் போய்விடும் ஜனங்களா இவர்கள், அதுதான் அவருக்குத் தெரியவேண்டும். அதை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எமிலியோவின் அம்மா ஒஃபேலியா சனிக்கிழமைகளில் ஸ்டோரி ரோட்டுப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவர். மெக்சிகோத் தெருச் சாப்பாடும் பானங்களும் எங்கே நன்றாகக் கிடைக்குமோ அங்கெல்லாம் நிறுத்தி, சாப்பிடவைத்து, அதன் கதையைச் சொல்வார். வெண்பா எப்போதோ சொன்னது நஞ்சுண்டனுக்கு ஞாபகம் வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தார். வரும் சனிக்கிழமைக்கு இடம் இருந்தது. பெயர் கேட்ட இடத்தில் கை ஒரு நொடி நின்றது. பிறகு தன் நண்பர் நெடுஞ்செழியனின் பெயரில் பாதியை வெட்டி, செழியன் என்று போட்டார். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார்.

சனிக்கிழமை காலை கார் சாவியை எடுத்தபோது வான்மதி கேட்டாள்.

"ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"செழியன் ஊட்டு ஹீட்டர் சரியில்லையாமா. பார்த்துட்டு வர்றேன்."

ஒரு பெயரை வைத்து இரண்டு பொய். தப்பு நேர்ந்தாலும் ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்று காரில் போகும்போது நினைத்துக்கொண்டார்.

ஒரு துணி துவைக்கும் கடையின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். ஒஃபேலியா குள்ளமாக, கெட்டியாக இருந்தார். நரைத்த பின்னல். வெயிலுக்கு ஓலைத்தொப்பி. ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, அதை ஸ்டிக்கரில் தானே எழுதி ஒட்டிவிட்டார். நஞ்சுண்டனின் சட்டையில் செழியன் வந்து உட்கார்ந்தது. உச்சரிப்பைச் சொல்லித்தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் செசியான் என்றுதான் வந்தது. நஞ்சுண்டனுக்கு அது பெரிய ஆறுதல். தப்பாகச் சொல்லப்பட்ட பொய்ப்பெயர் ஏதோ பாதிப் பொய் மாதிரி இருந்தது.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அங்கிள், நீங்க தமிழா?"

சென்னைப் பையன். ரஞ்சித்குமார் என்று ஒட்டியிருந்தான். போன மாசம்தான் டெக்ஸஸ் இர்விங்கிலிருந்து இங்கே டிரான்ஸ்ஃபர் வாங்கி வந்திருக்கிறான், ஒருத்தரையும் தெரியாது, ரூம்மேட் இந்த டூரை புக் பண்ணிவிட்டுக் கடைசி நேரத்தில் வரவில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, செழியன் சூப்பர் பேர் அங்கிள் என்றான். நஞ்சுண்டன் யாரைச் சொல்கிறான் என்று சுற்றிப் பார்த்தார். செழியன் என்பது தான்தான் என்று உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

முதல் இடத்தில் ஒரு தள்ளுவண்டி. கண்ணாடி ஜாடிகளில் கலர் கலராகத் தண்ணீர். சிவப்பாக இருந்ததை எடுத்துக் கோப்பைகளில் ஊற்றித் தந்தாள் வண்டிக்காரி. ஹமைக்கா என்றார் ஒஃபேலியா. நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் பூவிதழைக் கொதிக்கவைத்து ஆறவைத்தது. நஞ்சுண்டன் வீட்டில் செய்வதுபோலவே தலையை அண்ணாந்து, கோப்பை உதட்டில் படாமல் மேலிருந்து ஊற்றிக்கொண்டார். சிவப்பாக ஒரு கோடு இறங்கியது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நல்ல புளிப்பு. கோப்பையைக் கீழே இறக்கியபோது ஒஃபேலியா தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவர் உடனே திரும்பி வண்டிக்காரியிடம் ஏதோ சொன்னார்.

அடுத்தது டாக்கோ வண்டி. இங்கேதான் நஞ்சுண்டனுக்குப் பயம். தட்டுகள் வந்தன. ரஞ்சித்குமார் மாட்டுநாக்கு என்று தெரிந்தே வாங்கி, எலுமிச்சையைப் பிழிந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். நஞ்சுண்டன் தன் தட்டைக் கையில் வாங்காமலே பார்த்தார். ஒஃபேலியா தானே வந்தார். இது கோழி, கோழிக்குத் தனிக் கல், தனிக் கரண்டி, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றார். கேட்காமலே சொன்னார். நஞ்சுண்டனின் தோள்பட்டை தானாகவே கொஞ்சம் இறங்கியது. சோளரொட்டியின் சூடு விரலில் பட்டது. கொத்தமல்லி, வெங்காயம், காரம். தட்டிலிருந்த மூன்று டாக்கோவையும் சாப்பிட்டுவிட்டார்.

வண்டிக்குள் ஒரு சின்னப்பெண் கல்லாவில் இருந்தாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டதும், "மாந்தே?" என்று பதில் கொடுத்தாள். ஒஃபேலியா அதைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்கினார். எங்கள் ஊரில் பெரியவர்கள் கூப்பிட்டால் பிள்ளைகள் என்ன என்று கேட்கமாட்டார்கள். மாந்தே என்பார்கள், ஆணையிடுங்கள் என்று அர்த்தம். என் மகன் வகுப்பில் முப்பது பிள்ளைகளை மேய்ப்பவன், நான் கூப்பிட்டால் இன்றைக்கும் மாந்தே என்றுதான் சொல்வான்.

"அங்கிள், மாந்தேன்னா ஆட்டு மந்தை மாதிரி இருக்கு" என்றான் ரஞ்சித்குமார்.

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. அவருடைய ஊரில், குழந்தையைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடும் ஊரில், யார் கூப்பிட்டாலும் ஏனுங்க என்றுதான் வாயில் வரும். ஏனுங்க என்கிற பையனைப் பெற்றவரா இவர் என்று ஒஃபேலியாவின் பின்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதன்பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சோதனைப் பிரிவின் புத்தி. எல்லோரும் இதில் என்ன மசாலா என்று கேட்டால், இவர் இந்தக் கடைக்காரரை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போவீர்களா என்று கேட்டார். போன வாரம்கூடப் பெயர்வைக்கப் போயிருந்தேன் என்றார் ஒஃபேலியா, அவனுடைய பெண் குழந்தைக்கு நான்தான் ஞானத்தாய். ரஞ்சித்குமார் நஞ்சுண்டனின் காதில், அங்கிள் நீங்க டாக்ஸ் டிபார்ட்மெண்டா என்று கேட்டான்.

அடுத்த இடத்தில் தெஹுவீனோ என்று ஒரு பானம். பழுப்பாக, கெட்டியாக இருந்தது. சோளமாவைப் புளிக்கவைத்தது என்றதும் நஞ்சுண்டன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போதை உண்டா என்று மெதுவாகக் கேட்டார். சம்பந்தம் பேசும் இடத்தில் போதையோடு போய் நிற்பது எப்படி என்பது அவர் கவலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குழந்தைகள் குடிப்பது என்றார் ஒஃபேலியா. அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். புளித்த கம்மங்கூழில் வெல்லமும் எலுமிச்சையும் உப்பும் போட்டு ஐஸைத் தட்டிப்போட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார். அவர் கேட்டு வாங்கியதை வான்மதி பார்த்திருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

சோளமாவை மக்காச்சோளத் தோலில் சுற்றி அவித்த தமால் விற்கும் அம்மாளின் கூடை முன்னால் நின்றபோது ரஞ்சித்குமார் வெகுநேரமாக அடக்கிவைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். வீ ஆர் தமிழ், திஸ் இஸ் தமால். யாரும் சிரிக்கவில்லை. ஒஃபேலியா மட்டும் சிரித்தார். இதை முன்பே ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள் என்றார். அந்த ஒருத்தி யார் என்று நஞ்சுண்டன் கேட்கவில்லை.

மக்காச்சோளத் தோலைப் பிரித்துக்கொண்டே, ஓக்லண்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஒஃபேலியாவின் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார் ஒஃபேலியா. பெண் இருக்கிறாள், தங்கமான பெண். பெண்ணின் அப்பா பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

எத்தனை நாளாகப் பார்க்கிறார் என்று அவள் கேட்டாள். வெயில்காலத்திலிருந்து என்றார் ஒஃபேலியா. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்த ஆளுக்கு நெஞ்சு கல் என்றார் ஒருவர். ரஞ்சித்குமார் நஞ்சுண்டனின் பக்கம் சாய்ந்தான்.

"நம்ம ஊரு அப்பாக்கள் மாதிரியே இருக்கு, இல்ல அங்கிள்? ஓவரா சீன் போடுவாங்க. கடைசில ஓகேதான் சொல்லுவாங்க."

"அவருக்கு என்ன கஷ்டமோ" என்றார் நஞ்சுண்டன்.

ஒஃபேலியா யாரையும் பார்க்காமல் தமாலின் தோலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபமில்லை என்றார். என் வீட்டுக்காரர் முதலில் கண்ணில் பட்ட வண்டியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்தார். மேடு வந்தால் நானும் பிள்ளைகளும் இறங்கித் தள்ளுவோம். பார்த்துவிட்டு வாங்குகிற ஒரு ஆள் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியிருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சுண்டன் குனிந்து செருப்புப் பட்டையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

கடைசி இடம் ஒரு பேக்கரியின் பின்முற்றம். இனிப்பு ரொட்டிகளும் சின்ன மண்குவளைகளில் தெபாச்சேயும் வந்தன. அன்னாசிப்பழத்தின் தோலை வெல்லத்தோடு ஊறப்போட்டுப் பொங்கவிட்டது. இரண்டே நாள் ஊறியது என்று நஞ்சுண்டனைப் பார்த்துத் தனியாகச் சொன்னார் ஒஃபேலியா. சாப்பிட்டு முடித்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரஞ்சித்குமார் நம்பர் வாங்கிக்கொண்டு, செழியன் அங்கிள் என்று போனில் பதிந்துகொண்டு போனான்.

நஞ்சுண்டனும் எழுந்தார். ஒஃபேலியா உட்காரச் சொன்னார். குவளையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஹமைக்காவை நீங்கள் குடித்தபோதே தெரிந்துவிட்டது" என்றார்.

நஞ்சுண்டன் உட்கார்ந்தார்.

"வெண்பா எங்கள் வீட்டில் அப்படித்தான் குடிப்பாள். உதட்டில் படாமல், மேலேயிருந்து. என் மகளின் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் குடித்துப் பழகி, தினமும் சட்டையை நனைத்துக்கொள்கிறார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அப்பாவிடம் என்றாள்."

நஞ்சுண்டன் சட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். காது சூடாகியிருந்தது. பொய் சொல்லி வந்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். எனக்கும் உங்களைப் பார்க்கவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், ஒன்றும் தெரியாது."

உள்ளே யாரோ ரொட்டித் தட்டுகளை அடுக்கினார்கள். பிறகு, எல்லோரும் எல்லாம் கேட்டார்கள், நீங்கள் மட்டும் கேட்கவந்ததைக் கேட்கவே இல்லை என்றார் ஒஃபேலியா. கொன்சுவேக்ரோ, அதையும் கேட்டுவிடுங்கள்.

அந்த வார்த்தை ஏதோ டாக்கோவின் பெயர் மாதிரி நஞ்சுண்டனின் காதில் விழுந்தது. என்ன அது என்று கேட்டார்.

ஒஃபேலியா வாயைப் பொத்திக்கொண்டார். எமிலியோ அதைச் சொல்லக்கூடாது என்றிருந்தான், அவர் இன்னும் சரி சொல்லவில்லை, அதற்குள் அப்படிக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்று. இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை, எப்படிச் சொல்வது? என் மகனைக் கட்டிக்கொள்கிறவளின் அப்பா எனக்குக் கொன்சுவேக்ரோ. நான் உங்களுக்குக் கொன்சுவேக்ரா. அது ஒரு முறை. பிள்ளைகள் சண்டைபோட்டுக்கொண்டாலும் நமக்குள் அது போகாது. உடம்பு சரியில்லை என்றால் முதலில் கூப்பிடவேண்டியது கொன்சுவேக்ரோவைத்தான்.

நஞ்சுண்டன் குவளையைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி" என்றார்.

"என்ன?"

"அதுக்கு எங்க வார்த்தை. சம்பந்தி."

டக்கைப் பற்றியும் பாபைப் பற்றியும் சொன்னார். ஆபீஸில் ஒரு முழு மத்தியானம் வேலை ஓடாததைச் சொன்னார். வான்மதியிடம்கூடச் சொல்லாததை முதல்முறை பார்க்கும் ஒரு மெக்சிகோ அம்மாளிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று பாதியில் தோன்றியது. நிறுத்தவில்லை. ஒஃபேலியா முழுதும் கேட்டார். பாவம் அந்த பாப், யாராவது ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்றார்.

நஞ்சுண்டன் போனை எடுத்தார். வெண்பா எடுத்ததும் குரலில் பயம் தெரிந்தது. அவர் கூப்பிட்டுப் பல நாளாயிற்று.

"அப்பா? எவ்ரிதிங் ஓகே?"

"ஓகே கண்ணு. இரு, சம்பந்தியம்மா பேசறாங்க."

வெண்பா, அவளுக்கு எப்போதாவது வரும் தமிழில் கேட்டாள்.

"சம்பந்தியம்மான்னா யாருப்பா?"

வீட்டில் இத்தனை வருடம் அந்த வார்த்தைக்கு வேலையே இருந்ததில்லை என்பது அப்போதுதான் நஞ்சுண்டனுக்கு உறைத்தது. போனை ஒஃபேலியாவிடம் நீட்டினார்.

"கொன்சுவேக்ரா, மிஹா" என்றார் ஒஃபேலியா. மிஹா என்றால் மகளே என்று நஞ்சுண்டனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

போனுக்குள்ளிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று நஞ்சுண்டன் உட்கார்ந்த இடத்தில் தெரியவில்லை. ஒஃபேலியா ஸ்பானிஷில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். செசியான் என்ற சொல் நடுவில் வந்தது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நஞ்சுண்டன் குவளையை உயர்த்தி மிச்சத்தை ஊற்றிக்கொண்டார். இந்தத் தடவை குறி தவறியது. கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

போன் கைக்குத் திரும்பி வந்த சற்றைக்கெல்லாம் மறுபடி அடித்தது. வான்மதி. அதற்குள் மகள் சொல்லிவிட்டிருந்தாள்.

"ஏனுங்க" என்றாள். குரல் இழுத்து இழுத்து வந்தது. "செழியன் ஊட்டு ஹீட்டர் எப்படி இருக்குதுங்க?"

நஞ்சுண்டன் காலரைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குது, வான்மதி. பார்த்தாச்சு."